எங்கள் வாயில் இருக்கிற சொல்: அறிக்கை எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தீவைப் பற்றி அறிக்கை எழுதுகிற பிள்ளைகளுக்கு,

நிறுவனங்களில் கள உத்தியோகத்தர்களாக இருக்கிறீர்கள். சிலர் திணைக்களங்களில் மொழிபெயர்ப்பு செய்கிறீர்கள். சிலர் சனசமூக நிலையங்களில் பாய் விரித்து எங்களை இருத்தி வைத்துப் பயிற்சிப் பட்டறை நடத்துகிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் கனபேர் மன்னார்ப் பிள்ளைகள். சிலருக்கு ‘அ’னா எழுதக் கை பிடித்தவள் நான். அந்த உரிமையில்தான் பேசுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

போன கிழமை உங்களில் ஒருவர் தோட்டவெளிக்கு வந்து, என் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, ஒரு அறிக்கையைக் கையில் தந்தார். “ரீச்சர், தமிழ் சரியோ எண்டு ஒருக்காப் பாத்துத் தாங்கோ. திங்கக்கிழமை அனுப்பவேணும்.” நல்ல பிள்ளை. அறிக்கையும் அக்கறையாக எழுதப்பட்டதுதான். எழுத்துப்பிழை இரண்டு மூன்று, ஒற்று மிகவேண்டிய இடம் சில. அவற்றைச் சிவப்புப் பேனையால் திருத்திவிட்டேன். ஒரு சொல்லில் மட்டும் பேனை நின்றுவிட்டது. ‘தாங்குதிறன்.’ எண்ணிப் பார்த்தேன், 17 இடத்தில் வந்திருந்தது. அதற்குத் துணையாக ‘மீள்தன்மை’ நாலு இடத்தில். “மன்னார் மக்கள் உயர்ந்த தாங்குதிறன் கொண்டவர்கள்” என்று தொடங்கி, “இம்மக்களின் தாங்குதிறனை மேலும் வளர்க்க வேண்டும்” என்று முடிந்திருந்தது.

இரண்டு இரவு இந்தச் சொல் என்னோடு கிடந்தது. இலக்கணப்படி பிழை சொல்ல முடியாது. பிறகு ஏன் கல்லுப்போல இடறுது என்று யோசித்தேன். மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு வேலிக்கு அங்கால் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். “இந்த வெக்கையைத் தாங்கேலாது அக்கா.” “விலைவாசியை ஆர் தாங்கிறது?” அப்போதுதான் விளங்கிச்சு.

பிள்ளைகளே, எங்கள் வாயில் ‘தாங்கு’ என்ற சொல் பெரும்பாலும் இல்லை என்று சொல்லத்தான் வரும். தாங்கேலாது, தாங்கமாட்டன், தாங்கமுடியாமல் படுத்துட்டா, ஆர் தாங்கிறது? தூண் கூரையைத் தாங்கும். முட்டுக்கட்டை சாய்ந்த மரத்தைத் தாங்கும். மனிசர் தங்களைப் பற்றிச் சொல்லும்போது அந்தச் சொல் முறிகிற இடத்தைக் காட்டத்தான் வருகிறது. ஒரு சனம் ‘ஏலாது’ என்று சொல்லவே எடுக்கிற சொல்லை, நீங்கள் அதே சனத்துக்குப் பாராட்டாகச் சூட்டுகிறீர்கள். நீங்கள் எழுதியதைத் திரும்ப எங்களுக்கு வாசித்துக் காட்டும்போது எங்கள் முகத்தில் ஒன்றும் தெரியாமல் இருப்பது அதனால்தான்.

அப்படியென்றால் நாங்கள் என்ன சொல்கிறோம்?

என் அப்பு கத்தரிக்கன்று நட்டதைச் சொல்கிறேன். எங்கள் ஊரின் பெயரே தோட்டவெளி. மணல் தறை. தண்ணி ஊற்றினால் நின்று பார்க்காமல் கீழே போய்விடும். நாற்றுமேடையிலிருந்து பிடுங்கிய கன்றைப் பின்னேரம் வெயில் சாய்ந்த பிறகுதான் அப்பு நடுவார். நட்டு, விரலால் மண்ணை அமத்தி, ஒவ்வொரு கன்றுக்கும் மேற்குப் பக்கமாக ஒரு பனையோலைத் துண்டைக் குத்திவிடுவார். மறுநாள் பார்த்தால் கன்று செத்ததுபோலச் சுருண்டு தரையில் கிடக்கும். சின்னப் பிள்ளையான நான் அழுவேன். “பொறு பிள்ளை” என்பார். காலையும் மாலையும் சிரட்டையால் அளந்து தண்ணி விடுவார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ விடிய எழும்பிப் போய்க் குந்தியிருந்து பார்ப்பார். நடுக்குருத்து ஒரு விரற்கடை நிமிர்ந்திருக்கும். அப்போது அவர் வாயில் வரும் சொல் ஒன்றுதான்: “பிடிச்சிட்டுது.”

எது எதைப் பிடித்தது? வேர் மண்ணைப் பிடித்தது. அந்தச் சொல்லில் கன்று சுமந்த வெயிலின் பாரம் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் கீழே அது எதைப் பற்றிக்கொண்டது என்பதுதான் இருக்கிறது.

கடற்கரைக்குப் போனாலும் இதே சொல்தான். வாடைக் காலத்தில் வள்ளத்தை நிறுத்தி நங்கூரம் போட்டுவிட்டு, கயிற்றைக் கையில் வைத்துப் பார்ப்பார்கள். கயிறு விறைத்து நின்றால் “பிடிச்சிட்டுது”. கயிறு அதிர்ந்து அதிர்ந்து தளர்ந்தால் நங்கூரம் இழுபடுகிறது, மேற்கொண்டு நம்பக்கூடாது. காற்றும் நீரோட்டமும் எவ்வளவு என்று வள்ளத்துக்காரருக்குத் தெரியும். அவர் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார். நங்கூரம் பிடித்ததா என்றுதான் கேட்பார்.

இப்போது எங்கள் பேச்சை எடுத்துப் பாருங்கள். நிண்டுபிடிக்கிறது. தாக்குப்பிடிக்கிறது. விடாப்பிடி. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு. உயிரைக் கையில் பிடிச்சுக்கொண்டு. வசவாகச் சொல்கிற பிடிவாதத்திலும் அந்தப் பிடி இருக்கிறது. கஷ்டத்தில் குலையாமல் இருப்பதற்குத் தமிழ் திரும்பத் திரும்ப இந்த ஒரு வினையிடம்தான் போகிறது. ‘பிடி’ என்றால் கையில் ஒன்று இருக்கவேணும். வெறுங்கையால் பிடிக்க ஏலாது.

இன்னொரு குடும்பம் இருக்கிறது. விடாமுயற்சி, தளராமை, சளைக்காமை, சோராமை, அசையாமை, கலங்காமை. எல்லாமே எதிர்மறை. வள்ளுவரும் சில அதிகாரங்களுக்கு அப்படித்தான் பெயர் வைத்தார். 60ஆவது ஊக்கமுடைமை, 61 மடியின்மை, 62 ஆள்வினையுடைமை, 63 இடுக்கணழியாமை. துன்பம் வரும்போது என்ன செய்யவேண்டும் என்ற இடத்துக்கு வந்ததும் ‘அழியாமை’ என்றுதான் அவருக்கும் சொல் கிடைத்தது. இது எனக்கு நேர்மையான தமிழாகப் படுகிறது. ‘விடாமல்’ என்று சொல்கிறவனுக்கு விட்டுவிடலாம் என்ற ஆசையும் தெரியும். ‘தளராமல்’ என்கிறவளின் முழங்காலில் தளர்ச்சி ஏற்கெனவே வந்துவிட்டது. உங்கள் அறிக்கையின் ‘தாங்குதிறன்’ அப்படியில்லை. அது ஒருவருக்குப் பிறவியில் வந்த குணம்போல, கறுப்பு நிறம், சுருட்டைத் தலைமயிர் என்பதுபோல ஒட்டி வைக்கப்படுகிறது. குணமென்றால் அதற்கு யாரும் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

வேறு சொற்களும் இங்கே உண்டு. ‘தெண்டித்தல்’ என்று ஒன்று. “தெண்டிச்சுப் படி”, “தெண்டிச்சு ஒரு வேலை எடுத்திட்டான்” என்போம். தன் உடம்பை வருத்தி, இருக்கிற கொஞ்சத்தையும் ஒன்றுகூட்டி முயல்வது. ‘ஓர்மம்’ ஈழத்துப் பேச்சின் தனிச் சொத்து. ஓர்மம் உள்ளவள் என்றால் நெஞ்சில் ஒரு முடிவு விழுந்துவிட்டவள், இனி அவளைத் திருப்ப ஏலாது. ‘வைராக்கியம்’ வடமொழியிலிருந்து வந்தபோது பற்றறுத்தல் என்ற பொருளோடுதான் வந்தது. தமிழில் அது விடாப்பிடியான மனவுறுதி ஆகிவிட்டது. இந்த மாற்றத்தை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். எத்தனையோ ஆசைகளை வேண்டாம் என்று கைவிட்ட பிறகுதான் ஒருவருக்கு ஒன்றை விடாமல் பிடிக்கக் கை காலியாகிறது. மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்த எங்கள் ஊர்த் தாய்மாரைப் பார்த்தால் அகராதி எதற்கு?

கத்தோலிக்க வீடுகளில் ‘உத்தரித்தல்’ என்று ஒரு சொல் உண்டு. உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காகச் செபித்த வாய், போர்க்காலத்தில் அந்தச் சொல்லை உயிரோடு இருந்தவர்களுக்கு எடுத்துக்கொண்டது. “உத்தரிச்சுக்கொண்டு கிடக்கிறம்.” 1990இல் பேசாலையிலும் மடுவிலும் ஐ.நா. அகதிகள் ஆணையகம் திறந்த புகலிட நிலையங்களை நடத்தியது. அங்கே கூடாரத்துக்குள் இருந்தவர்களும் இராமேசுவரத்துக்குப் படகேறி மண்டபம் முகாமில் பதிவுக்கு நின்றவர்களும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லில் முடிவு உண்டு. உத்தரிக்கிற ஸ்தலம் நரகமில்லை. அங்கிருந்து வெளியேறுகிற நாள் ஒன்று இருக்கிறது என்ற விசுவாசம் அதற்குள் இருக்கிறது.

எருக்கலம்பிட்டியில் ‘சபூர்’ என்பார்கள். அறபிலிருந்து வந்து முஸ்லிம் வீடுகளின் தமிழில் குடியேறிய சொல். “சபூர் செய்யுங்கோ.” பொறுமை என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். இறைவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்போடு ஒருவர் தன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பது அது.

இந்த இடத்தில் நான் நின்று ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்லாமல் இந்த மடலை எழுத எனக்கு மனம் வரவில்லை. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட சனம். எருக்கலம்பிட்டி ஆட்கள் கைக்கு அகப்பட்டதோடு படகேறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். புத்தளம் பக்கத்து முகாம்களில் ஓலைக் குடிசையில் பிறந்த பிள்ளைகள் அங்கேயே கலியாணம் கட்டி, அங்கேயே பிள்ளை பெற்றார்கள். அந்த நேரம் எங்களில் பலரும் இடம்பெயர்ந்து அலைந்தவர்கள்தான். ஆனாலும் நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். ‘நிற்றல்’ என்ற வினைக்கு இப்படி ஒரு பயன்பாடும் இருக்கிறது. நிண்டுபிடிக்கிறதிலும் அதுதான், பார்த்துக்கொண்டு நிற்கிறதிலும் அதுதான்.

போர் முடிந்த பிறகு திரும்பி வந்தவர்களில் ஒரு அம்மா வீடு இருந்த இடத்தைத் தேடி, பற்றை வெட்டி, கிணற்றுக்கட்டை வைத்துத்தான் தன் வளவை அடையாளம் கண்டதாக எனக்குச் சொன்னா. “இருபது வருசம் என்ன பிடிச்சுக்கொண்டு இருந்தீங்க?” என்று கேட்டேன். “கிணத்துத் தண்ணியிட ருசியை” என்றா. அந்த அம்மாவை உங்கள் அறிக்கை ‘மீள்தன்மை’ என்ற அட்டவணைக்குள் போட்டால், ‘மீளக்குடியேறியோர்’ என்ற பெட்டியில் ஒரு சரி அடையாளமாக இருப்பா.

மீள்தன்மை என்ற சொல்லின் பிறப்பையும் பார்த்தேன். நீங்கள் மொழிபெயர்க்கிற ‘resilience’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இலத்தீன் வேரில் ‘பின்னுக்குத் துள்ளுதல்’ என்று பொருள். இழுத்துவிட்ட றப்பர் பழைய அளவுக்கு வருவதுபோல. 1973இல் ஹொலிங் என்ற கனடாச் சூழலியலாளர் ஏரி, காடு, பூச்சிக் கூட்டம் போன்றவை அதிர்ச்சி வந்தாலும் தங்கள் இயல்பு குலையாமல் தொடர்வதைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரை அந்தச் சொல்லை அறிவியலில் நிலைக்க வைத்தது. ஏரிக்கும் காட்டுக்கும் அது நல்ல சொல். பிறகு அது அனர்த்த முகாமைத்துவத்துக்கு வந்து, நிதி கேட்கிற படிவத்துக்கு வந்து, உங்கள் மேசைக்கு வந்து, எங்கள் பாயில் வந்து இருக்கிறது. மகனைப் பறிகொடுத்தவள் எந்தப் பழைய அளவுக்குத் துள்ளித் திரும்புவாள்?

உலகத்தில் எல்லாச் சனமும் இதற்குத் தங்கள் வாய்ச் சொல்லை வைத்திருக்கிறது. பாலஸ்தீனர் ‘ஸுமூத்’ என்கிறார்கள். நிலத்தை விட்டு அசையாமல் இருப்பது. ஒலிவ் மரம் அதற்கு அடையாளம். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எந்த நிலம், யார் அசைக்கப் பார்க்கிறார்கள் என்று கேட்காமல் ஒருவராலும் இருக்கமுடியாது. எங்கள் ‘நிண்டுபிடிக்கிறது’ அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். பிடிப்பதற்கு ஒன்று இருக்கிறது, பறிக்கிற கையும் ஒன்று இருக்கிறது. ‘தாங்குதிறன்’ என்று எழுதும்போது இந்த இரண்டுமே வசனத்திலிருந்து மறைந்துவிடுகின்றன. மேலே ஏறிய பாரமும் கீழே நிற்கிற ஆளும் மட்டும் மிஞ்சுகிறார்கள். பாரத்தை ஏற்றினது யார் என்று எழுத வேண்டிய எழுவாய் இல்லாமல் போகிறது. தமிழ் படிப்பித்தவள் நான். எழுவாய் காணாமல் போவதைப் பார்த்தால் சும்மா இருக்கமாட்டேன்.

உங்களை எங்கள் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக விருப்பம். வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம். 1544இல், பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார்ச் சனத்தை யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி படையோடு வந்து கொன்றான். அறுநூறுக்கும் எழுநூறுக்கும் இடைப்பட்ட தொகை சொல்லப்படுகிறது. அவர்கள் புதையுண்ட மண் இதுதான் என்பது எங்கள் ஊர் மரபு. புது விசுவாசத்துக்கு வந்து ஒரு வருசம்கூட முழுதாக ஆகாதவர்கள். பெரிய மறையறிவு இருந்திருக்காது. விட்டுவிடு என்று சொன்னதை விடவில்லை.

அவர்களை நாங்கள் ‘வேதசாட்சி’ என்கிறோம். கிரேக்கத்தில் ‘மார்த்துஸ்’ என்றால் சாட்சி, நீதிமன்றத்தில் நின்று கண்டதைச் சொல்கிற அதே சாட்சி. தமிழாக்கியவர்கள் அந்தச் சொல்லைக் கைவிடாமல் வைத்துக்கொண்டது பெரிய காரியம். ‘பலியானோர்’ என்று வைத்திருக்கலாம். ‘உயிர்நீத்தோர்’ என்று வைத்திருக்கலாம். அந்தச் சொற்களில் அவர்களுக்கு நடந்தது மட்டும் இருக்கும். ‘சாட்சி’ என்றவுடன் அவர்கள் செய்தது வந்துவிடுகிறது. உயிர் தப்பினால்தான் நிண்டுபிடித்ததாகும் என்று நினைத்தால் இந்தச் சனத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? ‘தாங்குதிறன்’ அளக்கிற கோலால் இவர்கள் பூச்சியம். ஊர் அவர்களை 480 வருசமாக மறக்கவில்லை.

அதுபோல, அசையாமல் நின்றால்தான் பிடி என்றும் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கருக்குத் தடை வந்தபோது மாந்தைச் சனம் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனது. அப்படித்தான் மடுக் கோயில் வந்தது. 2008 ஏப்ரலில் எறிகணை விழ விழ, குருமார் அதே மாதாவைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். ஓகஸ்ட்டில் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். இடம் மாறியது, கை மாறவில்லை. இடம்பெயர்ந்த ஒவ்வொரு குடும்பமும் இப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டுதான் போனது. தையல் மெசின், பாடசாலைச் சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் பை, கலியாணப் படம். உங்கள் வினாக்கொத்தில் ‘இழந்த சொத்துகள்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. ‘விடாமல் கொண்டுவந்தது’ என்று ஒரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளுங்கள். சனம் அங்கே நிறையச் சொல்லும்.

இனி, நீங்கள் எழுதத் தயங்குகிற இடத்துக்கு வருகிறேன்.

தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைகள் 30 நிற்கின்றன. 2020இல் திறந்தார்கள். இரவில் எங்கள் வானத்தில் சிவப்பு விளக்கு மின்னுவது இப்போது பழகிவிட்டது. காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதை நான் பிழை சொல்லவில்லை. ஆனால் மழைவெள்ளம் கடலுக்கு ஓடுகிற வழிகள் அடைபடுகின்றன, கரைக்கு வருகிற மீன் குறைகிறது, பறவைகள் வரும் பாதை கெடுகிறது என்று சனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதோடு கனிம மணல் அகழ்வுக்குத் தீவின் மணலையே கேட்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேல் கொஞ்சமே எழும்பி நிற்கிற தீவு இது. மணலைத் தோண்டினால் பிறகு என்ன இருக்கும்? அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் தன் திட்டத்திலிருந்து விலகியது. வேறு நிறுவனங்களின் காற்றாலைகளுக்கு ஓகஸ்ட் தொடக்கத்தில் பாரிய உதிரிப்பாகங்கள் லொறிகளில் வரத் தொடங்கியபோது சனம் றோட்டில் இறங்கியது. மன்னார் பஜாரில் இரவும் பகலும் இருந்தார்கள். குருமாரும் இருந்தார்கள், மௌலவிமாரும் இருந்தார்கள், பால்குடிப் பிள்ளையோடு தாய்மாரும் இருந்தார்கள். ஓகஸ்ட் நடுவில் சனாதிபதி ஒரு மாதம் நிறுத்திவைக்கச் சொன்னார். செப்டம்பரில் வேலையைத் தொடர முடிவு வந்தது. செப்டம்பர் 26 இரவு பொலிஸ் பலம் பாவித்தது. சனம் காயப்பட்டது. 29ஆம் திகதி மன்னார் முழுதும் கடையடைப்பு.

நானும் சில பின்னேரங்கள் போய் பஜாரில் போட்டிருந்த போராட்டக் கொட்டிலில் இருந்தேன். முழங்கால் நோவில் கீழே இருக்க ஏலாது என்று ஒரு பெடியன் கதிரை கொண்டுவந்து போட்டான். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் மீன் வெட்டிப் பிழைக்கிறவ. கையில் செதிலின் மினுக்கம் காயாமல் இருந்தது. காலையில் நாலு மணிக்கு வேலைக்குப் போய், பின்னேரம் இங்கே வந்து, இரவு பத்து மணிக்கு வீட்டுக்குப் போகிறா. “எத்தினை நாளைக்கு அம்மா இப்பிடி?” என்றேன். “முடியிற வரைக்கும் ரீச்சர்” என்றா. எது முடிகிற வரைக்கும் என்று நான் கேட்கவில்லை.

அந்த நாள்களில் கொழும்பிலிருந்து என் உறவுக்காரர் ஒருவர் போன் எடுத்து, “என்ன அக்கா, உங்கட சனத்துக்கு இவ்வளவு பிடிவாதம்?” என்று கேட்டார். இவரே, சுனாமி, போர், கொரோனா எல்லாம் கடந்து வந்த சனம் என்று எங்களைப் புகழ்ந்து முன்பு பேசியவர். நான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் இருந்தேன். அதே சனம், அதே குணம். பாரத்தை ஏற்றும்போது வாய் பேசாமல் நின்றால் தாங்குதிறன் என்கிறார்கள். இதை எங்களிடமிருந்து எடுக்காதே என்று கையை இறுக்கினால் பிடிவாதம் என்கிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்து வெள்ளம் ஏறியது. அடுத்த கிழமையே நாங்கள் திரும்பவும் ‘தாங்குதிறன் கொண்ட மக்கள்’ ஆகிவிட்டோம். பஜாரில் இருந்த அதே பெண்தான் வெள்ளத்துக்குள் சோற்றுப் பார்சல் கட்டினா. செப்டம்பரில் அவவுக்கு ஒரு பெயர், டிசம்பரில் இன்னொரு பெயர்.

உங்கள் வேலையின் நெருக்கம் எனக்குத் தெரியும். நிதி தருகிறவர்கள் கேட்கிற சொல்லை வைக்காவிட்டால் அறிக்கை திரும்பி வரும். ‘நிண்டுபிடிக்கிறது’ என்று படிவத்தில் எழுத ஏலாது என்பீர்கள். ஏன் ஏலாது? ஆங்கிலத்தில் எழுதுகிற பகுதியில் அவர்களுடைய சொல் இருக்கட்டும். தமிழ்ப் பகுதியை வாசிக்கப்போவது நாங்கள். எங்களுக்கு வாசித்துக் காட்டுகிற தாளில் எங்கள் சொல் இருக்கவேணும். ‘நின்றுபிடித்தல்’ என்று எழுத்துத் தமிழாக்கினாலும் உயிர் போகாது. ஆனால் அதை எழுதினால் அடுத்த இரண்டு வேலையும் செய்யவேண்டி வரும். எதைப் பிடித்து நிற்கிறார்கள் என்று எழுதவேண்டும். எது இழுக்கிறது என்று எழுதவேண்டும். அந்த இரண்டையும் எழுதாமல் தப்புவதற்குத்தான் முன்னைய சொல் வசதியாக இருந்தது என்று நான் நினைக்கிறேன். நீங்கள் வேண்டுமென்று அப்படிச் செய்தீர்கள் என்று சொல்லவில்லை. சொல்லே உங்களை அப்படிக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

எங்கள் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகையை நினைத்துப் பாருங்கள். 2011 ஜனவரியில் அவர் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய், அரசாங்கத்தின் சொந்தக் கணக்குகளையே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வன்னியில் இருந்தவர்களில் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். எங்கள் சனம் எவ்வளவு பொறுமையானது என்று அவர் அங்கே பேசியிருக்கலாம். கேட்டவர்களுக்கு அது இனிப்பாக இருந்திருக்கும். அவர் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றார். 2021 ஏப்ரல் 1ஆம் திகதி இறக்கும்வரை அந்த எண்ணை விடவில்லை. தோட்டவெளிக் கோயிலின் பெயரில் இருக்கிற ‘சாட்சி’ என்ற சொல் எனக்கு முழுதாக விளங்கியது அவர் அப்படி நின்றபோதுதான்.

கடைசியாக ஒரு இடம். உங்கள் அறிக்கையின் 23ஆம் பக்கத்தில் ஒரு வசனம்: “காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் உயர்ந்த தாங்குதிறனை வெளிப்படுத்துகின்றன.” இந்த வசனத்துக்காக உங்களில் ஒருவர் பேட்டி எடுத்த தாய் எனக்குத் தெரிந்தவ. மகனின் படத்தை லமினேட் பண்ணி வைத்திருக்கிறா. ஓரம் உரிந்து, அதற்கு மேல் இன்னொரு தரம் லமினேட் பண்ணியிருக்கிறா. உள்ளே காற்றுக் குமிழி ஒன்று பெடியனின் தோளடியில் நிற்கிறது. பேட்டி முடிந்து போகும்போது கோயிலடியில் என்னைக் கண்டு நின்றா. “என்ன கேட்டவை?” என்றேன். “எப்பிடிச் சமாளிக்கிறியள் எண்டு கேட்டவை ரீச்சர்.” “நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்னத்தைச் சொல்லுறது. தேடிக்கொண்டிருக்கிறம் எண்டு சொன்னன்.”

கொள், இரு. வகுப்பில் துணைவினை என்று எத்தனையோ வருசம் கரும்பலகையில் பிரித்து எழுதியிருக்கிறேன். கையில் கொண்டு, அங்கேயே இருப்பது. அந்த அம்மா ஒரு பெயர்ச்சொல்லும் சொல்லவில்லை. வினையை மட்டும் சொல்லிவிட்டுப் படத்தைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டா.

23ஆம் பக்கத்து வசனத்தை வெட்டிவிட்டேன். பக்கத்தில் அவ சொன்னதையே எழுதியிருக்கிறேன். மற்ற 16 இடத்திலும் கோடு போட்டிருக்கிறேன். அங்கே என்ன எழுதவேணும் என்று எனக்குத் தெரியாது, அந்த வீடுகளுக்குத்தான் தெரியும். அறிக்கை விறாந்தை மேசையில் கல் வைத்து இருக்கிறது. திங்கட்கிழமைக்கு முன்னம் வந்து எடுத்துக்கொண்டு போங்கோ.

அன்புடன்,
தோட்டவெளியிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை